கைபடாத கோடு

செத்துக் கிடக்கு. அப்படித்தான் சொன்னார் திருவேங்கடம், நேற்றுச் சாயங்காலம், ஊட்டியில், கூட்டத்தில் அத்தனை பேர் நடுவே, பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே. “கோடு இவ்வளவு நேரா இருந்தா ரெண்டு அர்த்தம்தாம்மா. ஒண்ணு, காடு அமைதியா இருக்கு. இல்லேன்னா, கம்பி செத்துக் கிடக்கு.” எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதுதான் இந்த விடிகாலையில், அவலாஞ்சிக்கு மேலே இந்தப் புல்சரிவில், பாறைமேல் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் அமிர்தவல்லியை உறுத்துகிறது. ஏன் சிரித்துத் தொலைத்தாள்? முகத்தை நேராக வைத்துக்கொண்டு, இல்லை சார், உயிரோடுதான் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவர் பெரிய மனுஷர் என்பதால் இல்லை, அவரைவிடப் பெரிய மனுஷர்களையெல்லாம் அவள் வாயடைக்க வைத்திருக்கிறாள். அந்த நொடியில் அவளுக்கே தெரியவில்லை, காடு அமைதியாக இருக்கிறதா, கம்பி செத்துக் கிடக்கிறதா என்று. தெரியாமல் எப்படிச் சொல்வது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வெயில் எதிர்மலையைத் தாண்டியதும் அதே திருவேங்கடம் தன் குழுவோடு இங்கே ஏறி வரப்போகிறார். இந்தச் சரிவு முழுக்கக் குழி தோண்டிச் சோலைமரக் கன்று நடலாமா கூடாதா என்று முடிவு சொல்லப்போகிறார். கூடாது என்கிறவள் இவள் ஒருத்திதான். இவள் கையில் இருப்பதும், மண்ணின் சூட்டை அளக்கச் சோலைக்குள் புதைத்த கம்பி வரைந்த அந்தக் கோடு ஒன்றுதான்.

அமிர்தவல்லிக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்வாள். இந்த மலையில் எங்கே கால் வைத்தாலும் அடியில் மண் விடியற்காலை எவ்வளவு குளிரும், மத்தியானம் எவ்வளவு சூடேறும் என்று அவளுக்குத் தெரியும், அவளைப்போல் தெரிந்தவர் வேறு யாருமில்லை, அதைச் சொல்லிக்கொள்ள என்ன வெட்கம்? இதோ இந்தப் புல், உறைபனி விழுந்து உப்பைக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்கிறது, மிதித்தால் நொறுங்குகிறது. விரல் ஆழத்துக்குக் கீழே மண்ணும் இப்போது ஐஸ்தான். மத்தியானம் இதே மண் கை சுடும். ஒரே நாளில் அந்தக் கோடியும் இந்தக் கோடியும் பார்த்துவிடும் மண் இது, அதைத் தாங்கிக்கொண்டு வளரத் தெரிந்தது இந்தப் புல் ஒன்றுதான், அப்புறம் ஆங்காங்கே தனியாக நிற்கிற காட்டுப்பூவரசு. அதோ கீழே சீகை மரத்தோப்பு, வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்து நட்டது, அதன் அடி மண் இரண்டுங்கெட்டான், கொஞ்சம் குளிரும் கொஞ்சம் சுடும். அவள் முதுகுக்குப் பின்னால், மலைமடிப்புக்குள், இருட்டாக, ஓடையைக் கட்டிக்கொண்டு கிடப்பது சோலை. அதன் மண் குளிராது, சுடாது. வெளியே பனி கொட்டினாலும் வெயில் கொளுத்தினாலும் உள்ளே அதே குளுமை. அங்கே பழகிய கன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து இந்தப் புல்லில் நட்டால் பிழைக்குமா? போன வருஷம் அந்தப் பக்கத்துச் சரிவில் நட்டார்கள். தை பிறப்பதற்குள் அத்தனையும் கருகிப்போயிற்று, தீய்த்த மாதிரி. மான் தின்றுவிட்டது என்றார்கள், கூலிக்காரர்கள் சரியாக நடவில்லை என்றார்கள், கன்று மட்டம் என்றார்கள். மண் என்று ஒருத்தராவது சொல்ல வேண்டுமே. மறுபடி இங்கே சுண்ணாம்புப் பொடியால் வட்டம் வட்டமாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், குழிக்கு அடையாளம். வெள்ளைப் பனியில் வெள்ளைச் சுண்ணாம்பு தெரியவில்லை. வெயில் வந்து பனி உருகினால் தெரியும். கண்ணுக்கெட்டிய தூரம் வட்டம்தான். வெறும் புல்தானே, சும்மாதானே கிடக்குது என்றார் வனத்துறை அதிகாரி நேற்று. சும்மாவா கிடக்கிறது? இத்தனை பனியையும் இத்தனை வெயிலையும் தின்றுகொண்டு நிற்பது சும்மா கிடப்பதா? அப்போதுதான் கிராஃபைப் போட்டாள் திரையில். புல்லின் கோடு மேலும் கீழும் பேயாட்டம் ஆடியது. சோலையின் கோடு நூல் பிடித்ததுபோல் ஓடியது. பாருங்கள் என்றாள். குரலில் கர்வம் இருந்தது, நன்றாகவே இருந்தது. அதற்குப் பிறகுதான் அந்தப் பிஸ்கட், அந்த டீ, அந்தச் செத்துக் கிடக்கு.

கால் விறைத்தது. பூட்ஸுக்குள் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தாள். கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் லயத்தில் சிமெண்ட் தரை இப்படித்தான் கடிக்கும். சிலோனிலிருந்து கப்பலில் வந்த குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்த லயம், சாக்கை விரித்து அதற்கு மேல் பாயை விரித்து அதற்கு மேல் அம்மாவின் பழைய சேலை, அப்படியும் முதுகுக்கு அடியில் குளிர் வந்து படுத்துக்கொள்ளும். தரைக்கும் ஒரு குளிர் உண்டு, காற்றுக்கும் ஒரு குளிர் உண்டு, இரண்டும் வேறு என்று அங்கேதான் தெரிந்தது, படிப்பெல்லாம் பிறகு. அம்மா தெய்வானை கொழுந்தெடுத்துவிட்டு வருவாள், விரலெல்லாம் கறை, அந்தக் கறைக் கையின் புறங்கையை அமிர்தவல்லியின் கழுத்தில் வைத்துப் பார்ப்பாள். காய்ச்சலா? இல்லை. குழந்தையின் கை சில்லிட்டிருந்தால் அதை நம்பமாட்டாள் அம்மா, கக்கத்தில் கையை விட்டுப் பார்ப்பாள், அங்கதான் புள்ள உடம்பு நெசம் பேசும் என்பாள். கூசும். சிரிப்பாள் அமிர்தவல்லி. டாக்டர் பட்டம் வாங்கி வந்த அன்று அம்மா லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள், எம் மக டாக்குட்டராயிட்டா என்று. மறுநாள் காலையில் வாசலில் நான்கைந்து பேர் நிற்கிறார்கள், ஒருத்திக்கு இடுப்புவலி, ஒருத்தி இடுப்பில் காய்ச்சல்காரப் பிள்ளை. அம்மா, நான் மண்ணு டாக்டர்மா என்றாள் இவள், பல்லைக் கடித்துக்கொண்டு. அதுக்கென்ன, மண்ணுக்கு நோவு வராதா என்றாள் அம்மா, கொஞ்சமும் அசராமல், வந்தவர்களைப் பார்த்து. அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் மார்பு விரிகிறது. எவ்வளவு திமிர். அந்தத் திமிரில்தான் இவள் பாதி. இதையே நடேசன் கேலியாக்கிவிட்டான், கல்யாணமான புதிதிலிருந்து அதே பாட்டுத்தான், கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணினால் முதல் கேள்வி, “என்ன டாக்டர், உங்க மண்ணுக்கு ஜுரம் எவ்வளவு?” நேற்று ராத்திரி கேட்கவில்லை. குரலைக் கேட்டதுமே புரிந்துகொண்டான். தூங்கு, காலையில பார்த்துக்கலாம் என்று மட்டும் சொன்னான். கேலி பண்ணியிருந்தால் தேவலை.

செத்துக் கிடக்கு. சரி, செத்தே கிடக்கட்டும் என்று வைத்துக்கொண்டு யோசித்துப் பார்ப்போமே. சோலைக்குள் இரண்டு கம்பி புதைத்திருந்தாள். ஒன்றைக் காட்டுப்பன்றி கிளறிக் கடித்துப் போட்டது. மிச்சம் ஒன்று. மண்ணுக்குள் கம்பி, கம்பியிலிருந்து ஒயர், ஒயர் போய்ச் சேருவது மரத்தில் கட்டிய பெட்டியில், பெட்டி தானாகவே வேளை தவறாமல் எழுதிக்கொள்ளும். கம்பி கெட்டுப்போனால் சில சமயம் கன்னாபின்னாவென்று எண் வரும், அது பரவாயில்லை, கெட்டது என்று தெரிந்துவிடும். சில சமயம் கடைசியாகப் பார்த்த எண்ணிலேயே உறைந்து நின்றுவிடும். அப்போது வருவது நேர்கோடு. சோலையும் நேர்கோடு, செத்த கம்பியும் நேர்கோடு. பக்கத்தில் வேறொரு தெர்மாமீட்டரைச் சொருகிப் பார்க்கலாம் என்றுதான் போன தடவையே பார்த்தாள், இரண்டும் ஏறக்குறைய ஒன்றே காட்டின, சந்தோஷப்பட்டாள். நேற்று ராத்திரிதான் உறைத்தது, பனிக்காலம் தொடங்கியதிலிருந்து சோலை மண் அசையவே இல்லையென்றால், உறைந்து செத்த கம்பி சொல்லும் எண்ணும் சரியாகத்தானே இருக்கும். அப்புறம் என்ன தைரியத்தில் பாருங்கள் என்று நிமிர்ந்து நின்றாள்? வழி ஒன்று உண்டு, அதுவும் அவளுக்குத் தெரியும், தெரிந்ததால்தான் இந்தப் பாறையை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். கம்பியை மண்ணிலிருந்து பிடுங்கிச் சூடுபடுத்திப் பார்ப்பது. ஏறினால் உயிர். ஏறாவிட்டால் பிணம். ஆனால் பிடுங்கினால் கோடு உடையும். இரண்டு பனிக்காலம், ஒரு மழை, நடுவில் ஒரு கோடை, யாருடைய கையும் படாமல் ஓடிவந்த கோடு. கைபடாத ரெக்கார்டு என்று அவளே பெயர் வைத்திருந்தாள். அந்த இடத்தைச் சுற்றி நூல் கட்டி, எட்டிக்கூட மிதிக்கவிடாமல், ஆராய்ச்சி மாணவி ஒருத்தி இலையை ஒதுக்கிவிட்டுப் பார்த்ததற்கு அவள் அழும்வரை திட்டி. யாரும் தொடக்கூடாது. நானும்தான். அதைச் சொல்லிச் சொல்லியே பேர் எடுத்திருக்கிறாள், அமிர்தா மேடம் ரெக்கார்டா, கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம் என்று பெங்களூர்க்காரர்கள்வரை சொல்வார்கள். முடிய இன்னும் ஒரு மாதம்தான். இன்றைக்குத் தொட்டால் போயிற்று. தொடாவிட்டால்? தொடாவிட்டால் திருவேங்கடம் வருவார், அதையே கேட்பார், இவள் மறுபடி சிரிப்பாள். பிறகு கடப்பாரை வரும்.

“மேடம்.” போஜன், ஜீப் டிரைவர், கீழிருந்து மூச்சு வாங்க ஏறி வந்தான், ஒரு கையில் பிளாஸ்க், தலையில் மப்ளர். “டீ குடிங்க மேடம். பல்லு தந்தி அடிக்கிறது அங்க வரைக்கும் கேக்குது.” வாங்கிக்கொண்டாள். டம்ளரின் சூடு கையில் தெரியவே இல்லை, அவ்வளவு மரத்திருந்தது. “எங்க தோட்டத்துல காரட்டு தழை எல்லாம் கருகிருச்சுங்க. எங்க வீட்டுக்காரி ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு தண்ணி பாய்ச்சினா. பாய்ச்சின பாத்தி மட்டும் நிக்குது.” பேசிக்கொண்டே போனான், அவன் கவலை அவனுக்கு. அப்புறம் போகிறபோக்கில், “அவங்க எமரால்டு ஊரைத் தாண்டிட்டாங்களாம், போன் வந்துச்சு. நீங்க ஜெயிச்சிருவீங்க மேடம், உங்ககிட்ட யாரு பேசி ஜெயிக்கிறது” என்றான். இவளுக்குச் சுருக்கென்றது. பேசி ஜெயிப்பது. ஆமாம், பேசினால் ஜெயிப்பாள். அவர் ஒன்று சொன்னால் இவள் நான்கு சொல்வாள், சோலை மண்ணைப் பற்றி அங்கே எழுதியிருக்கிறது இங்கே எழுதியிருக்கிறது என்று அடுக்குவாள், முகத்தை நேராக வைத்துக்கொள்ள இந்தத் தடவை மறக்கமாட்டாள், அவரும் சரி என்று போய்விடுவார். கம்பி செத்திருந்தாலும் ஜெயித்துவிடலாம். அந்த நினைப்பு வந்ததும் வாயருகே கொண்டுபோன டம்ளரைக் கீழே இறக்கினாள். எனக்குத் தெரியாததை எனக்குத் தெரியும் என்று சொல்லி ஜெயிப்பதா? தெய்வானை மகள் அப்படி ஜெயிக்க வேண்டுமா? இல்லை, இன்னொரு மாதம் பொறுத்து, ரெக்கார்டை முழுசாக முடித்துவிட்டுப் பார்ப்பதா, அதற்குள் இங்கே குழி தோண்டி முடித்திருப்பார்களே. எதைக் காப்பாற்ற இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள், புல்லையா, கோட்டையா? கேள்வி வந்த பிறகு பதில் வெகுநேரம் வெளியே நிற்கவில்லை. “போஜா, இதைப் பிடி” என்று டம்ளரைக் கொடுத்துவிட்டு எழுந்தாள். எழுந்தபோது முட்டி இரண்டும் மளுக்கென்று சத்தம் போட்டன.

சோலைக்குள் நுழைந்தால் வாசல் தாண்டி வீட்டுக்குள் வந்ததுபோல் இருக்கும், எப்போதும். காற்று நின்றது. பாசி பிடித்த மரங்கள், காலடியில் மெத்தென்று மக்கிய இலை, எங்கேயோ ஓடைத் தண்ணீர். பனி ஒரு பொட்டுக்கூட இல்லை. நூலைத் தாண்டினாள், தன் நூலை, தானே. மண்டிபோட்டு இலையை ஒதுக்கி விரலால் மண்ணைத் துருவியபோது, யாரோ பின்னால் நின்றுகொண்டு என்னடி பண்றே என்று கேட்பதுபோல் இருந்தது. கம்பி வந்தது. பென்சில் நீளம்கூட இல்லை, துடைத்தால் பளபளவென்றிருந்தது, இதற்கா இத்தனை பாடு. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு மரத்துப் பெட்டியின் சின்னத் திரையைப் பார்த்தாள். பதினொன்று. பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினொன்று. கையை இறுக்கினாள். இன்னும் இறுக்கினாள். பதினொன்று, பதினொன்று, அதே பதினொன்று, சனியன் பிடித்த பதினொன்று. அப்படியானால் அவர் சொன்னது சரி. அப்படியானால் எத்தனை நாளாக ஒரு பிணத்தைக் காட்டிப் பாருங்கள் பாருங்கள் என்று பெருமை அடித்திருக்கிறேன். காது இரண்டும் சூடேறின. மாணவி அழுத முகம் ஞாபகம் வந்தது, சிரித்தவர்கள் பல் ஞாபகம் வந்தது, வெளியே அந்த வட்டம் வட்டமான சுண்ணாம்பு. காது சூடேறுகிறது, ஆனால் கை? கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஐஸ். விரல் தன் விரலாகவே இல்லை. பனியில் அத்தனை நேரம் பாறைமேல் உட்கார்ந்திருந்த கை, டீ டம்ளரின் சூடுகூடத் தெரியாத கை, இந்தக் கை மண்ணைவிடச் சூடாக இருந்தால்தானே கம்பி ஏறும். அடி மண்ணு டாக்டரே. ஸ்வெட்டரைத் தூக்கி, அதற்குள் சட்டைப் பித்தானைக் கழற்றி, சில்லென்ற கம்பியைக் கக்கத்தில் வைத்துக் கையை ஒட்டி அணைத்துக்கொண்டாள். கூசியது. பல்லைக் கடித்தாள். திரையைப் பார்க்கப் பயமாக இருந்தது, கண்ணை மூடிக்கொண்டாள், ஓடைச் சத்தத்தைக் கேட்டாள், திறந்தாள். பன்னிரண்டு. பதினாலு. பத்தொன்பது. ஏறுகிறது, குடுகுடுவென்று ஏறுகிறது. அமிர்தவல்லிக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டில் எதை முதலில் விடுவது என்று தெரியாமல் மரத்தில் சாய்ந்துகொண்டாள். முப்பதைத் தாண்டி, முப்பத்தைந்தைத் தாண்டி, முப்பத்தாறில் போய் ஆற அமர நின்றது. பெட்டி அதை எழுதிக்கொள்ளும்வரை அசையாமல் இருந்தாள். காய்ச்சல் இல்லை.

பிறகு கம்பியைத் துடைத்து அதே குழியில் வைத்து, மண்ணைத் தள்ளி, இலையைப் பழையபடி பரப்பினாள். உடையட்டும் கோடு. உடைந்த இடத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எல்லாம் நிஜம், முன்பும் அப்படித்தான் இருந்தது, இனிமேல் அதைத் தெரிந்துகொண்டு சொல்லலாம், வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது எவ்வளவு பெரிய வித்தியாசம். முப்பத்தாறு இறங்கத் தொடங்கியது. இருபது, பதினாறு, பதிமூன்று, அவசரமில்லாமல், வீடு திரும்புகிற மாதிரி. பதினொன்றில் வந்து நின்றது. மண்ணின் மேல் உள்ளங்கையை வைத்தாள். இதுதான் நீ, இப்படித்தான் நீ என்று சொல்லத் தோன்றியது, கர்வம் அப்படி நிரம்பியிருந்தது. சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது வெயில் எதிர்மலையைத் தாண்டியிருந்தது. புல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. வெள்ளை போய்ச் சுண்ணாம்பு வட்டங்கள் பளிச்சென்று தெரிந்தன.

திருவேங்கடம் குரங்குக்குல்லாய் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார், துறை அதிகாரி பின்னால். மற்றவர்கள் புல்லில் வழுக்கி வழுக்கி ஏறினார்கள். சோலை ஓரத்தில், பெட்டிக்குப் பக்கத்தில், லேப்டாப்பை ஒயரில் சொருகிக் கோட்டைப் போட்டுக் காட்டினாள் அமிர்தவல்லி. அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஆரம்பத்திலிருந்து பார்த்தார், நேர்கோடு, நேர்கோடு, வாயோரம் அந்தச் சிரிப்பு வரத் தொடங்கியது. கடைசிக்கு வந்ததும் நின்றுவிட்டது. “என்னம்மா இது? இங்க ஏதோ கோபுரம் மாதிரி ஏறி இறங்குது?”

“அது நான் சார்.”

“நீயா?”

“உயிரோட இருக்கான்னு பார்க்கிறதுக்குப் பிடுங்கிக் கக்கத்துல வெச்சேன். முப்பத்தாறு. எனக்கு ஜுரம் இல்லை. திரும்பப் புதைச்சேன். எங்க வந்து நிக்குதுன்னு பாருங்க.”

அவர் பார்த்தார். கோபுரத்துக்கு முன்னால் இருந்த கோட்டையும் பின்னால் இருந்த கோட்டையும் விரல் நகத்தால் திரையில் தொட்டுப் பார்த்தார், இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. “ரெண்டு பனிக்காலத்து ரெக்கார்டை நீயே உடைச்சிட்டியே” என்றார், கேலி இல்லாமல். “ஆமா சார்” என்றாள். துறை அதிகாரி என்ன சார் என்று கிட்டே வந்தார். திருவேங்கடம் அவர் பக்கம் திரும்பாமலே, “இந்தச் சரிவுல குழி வேண்டாம், புல்லு இருக்கட்டும். உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு, ரெண்டும் வேற மண்ணு” என்று சொன்னார். வெயில் அமிர்தவல்லியின் முதுகில் ஏறியது, கை விரல்கள் ஒவ்வொன்றாக உயிர் வந்து குறுகுறுத்தன. அம்மா இருந்திருந்தால் இந்நேரம் லயம் முழுக்கச் சொல்லி முடித்திருப்பாள். திருவேங்கடம் குல்லாயைக் கழற்றிவிட்டு, குழந்தை மாதிரி ஆசையோடு, சோலைக்குள் குனிந்து நூலுக்கு உள்ளே கையை நீட்டினார், கம்பி இருந்த இடத்தை நோக்கி.

“தொடாதீங்க சார்” என்றாள் அமிர்தவல்லி.